ஒரு ஆளுக்கு மட்டும் வைக்க முடியாத சூப்: கித்தோவில் ஒரு ஈஸ்டர்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசியதைப் படிக்கத் தோதாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

 

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஈஸ்டர்னு சொன்னதும் உங்க மனசுல என்ன படம் வருது? கலர் அடிச்ச முட்டை, சாக்லேட் முயல், கோழிக்குஞ்சு, மஞ்சள் பூ, சரியா? இது அத்தனையும் வசந்த காலத்தோட படங்கள். பனி உருகி, மரம் துளிர்த்து, கோழி மறுபடி முட்டை போட ஆரம்பிக்கிற ஐரோப்பாவோட படங்கள். ஆனா ஈஸ்டர் வர்ற மார்ச், ஏப்ரல் மாசத்துல பூமியோட தெற்குப் பாதில வசந்தமே கிடையாது. அர்ஜென்டினாவிலயும் சிலியிலயும் அப்போ இலையுதிர் காலம்.

நான் இன்னிக்குச் சொல்லப்போற ஊர்ல வசந்தம், இலையுதிர் காலம் ரெண்டுமே கிடையாது. ஏன்னா அந்த ஊர் கிட்டத்தட்ட பூமத்திய ரேகை மேலேயே உட்கார்ந்திருக்கு. தென் அமெரிக்காவுல ஈக்வடார் நாட்டோட தலைநகரம், கித்தோ. ஈக்வடார்ங்கிற பேருக்கே ஸ்பானிஷ்ல பூமத்திய ரேகைன்னுதான் அர்த்தம். கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,850 மீட்டர் உயரம். நம்ம ஊட்டியை விட அறுநூறு மீட்டருக்கு மேல உயரம். மாடிப்படி ஏறினாலே முதல் வாரம் மூச்சு வாங்கும். வருஷம் பூராவும் குளிரும் வெயிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மழைக்காலம், மழை இல்லாத காலம், அவ்வளவுதான் வித்தியாசம். ஈஸ்டர் வர்றது நல்ல மழை நேரத்துல.

அப்போ வசந்தமே இல்லாத ஊர்ல இந்தப் பண்டிகையை எப்படிக் கொண்டாடுறாங்க? பதில் ஒரு சூப்புல இருக்கு. பேரு ஃபனேஸ்கா.

தேதியும் பேரும்

சூப்புக்கு முன்னாடி தேதியைப் பத்திக் கொஞ்சம் பேசிடலாம்.

கிறிஸ்துமஸ் எப்பவும் டிசம்பர் 25. ஈஸ்டர் அப்படி இல்ல, வருஷா வருஷம் மாறும். கணக்கு இதுதான்: மார்ச் 21-ஐ ஒட்டியோ அதுக்கு அப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்து வர்ற ஞாயிற்றுக்கிழமை. அதனால மார்ச் 22-ல இருந்து ஏப்ரல் 25-க்குள்ள எப்ப வேணும்னாலும் வரலாம். நிலாவைப் பாத்துத் தேதி வைக்கிற பண்டிகை நமக்கு ஒண்ணும் புதுசு இல்லையே.

அது ஏன் மார்ச் 21? பகலும் இரவும் சமமா இருக்கிற நாள் அது. வடக்கே அதுதான் வசந்தத்தோட தொடக்கம். கித்தோவிலயோ அன்னிக்கு நண்பகல்ல சூரியன் நேரா தலைக்கு மேல நிக்கும். உங்க நிழல் உங்க காலடிக்குள்ளயே சுருண்டுடும். ஆண்டிஸ் மலையில இருக்கிற கிச்சுவா மக்கள் அதே நாளை முஷுக் நீனான்னு கொண்டாடுறாங்க. புது நெருப்புன்னு அர்த்தம். அது அவங்களுக்கு வருஷப் பிறப்பு. ஆக, ரோம்ல இருந்து வந்த காலண்டரும் மலையில ஏற்கெனவே இருந்த காலண்டரும் ஒரே சூரியனைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு.

இன்னொரு விஷயம் பேரு. ஸ்பானிஷ்ல ஈஸ்டர்ங்கிற சொல்லே கிடையாது, பாஸ்குவான்னுதான் சொல்வாங்க. நம்ம ஊர் கத்தோலிக்க வீடுகள்ல பாஸ்கான்னு சொல்றதைக் கேட்டிருப்பீங்க. ரெண்டும் ஒரே வேர்ல இருந்து வந்த சொல், யூதர்களோட பாஸ்கா பண்டிகை. எகிப்துல அடிமையா இருந்தவங்க விடுதலை ஆனதை நினைக்கிற நாள் அது. அதே சமயம், அவங்க ஊர்ல பார்லி அறுவடை ஆரம்பிக்கிற நேரமும் அதுதான். முதல் கதிர்க்கட்டைக் கோயிலுக்குக் கொண்டு போவாங்க. அதாவது, முட்டைக்கும் முயலுக்கும் ரொம்ப முன்னாடியே இந்தப் பண்டிகைக்குப் பக்கத்துல தானியம் இருந்திருக்கு.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. இப்போ சமையலறைக்குள்ள போகலாம்.

மாமியார் மருமகள் சண்டை மாதிரி ஒண்ணு

நான் கித்தோவுக்குப் போனது ஸ்பானிஷ் கத்துக்க. மூணு மாசம். வேலை ஆன்லைன்ல. ஒரு வீட்டோட மாடில ஒரு ரூம் எடுத்திருந்தேன். கீழ வீட்டுக்காரப் பாட்டியும் அவங்க மகளும். பேரன் பேத்தி எல்லாரும் பாட்டியை அபுவெலித்தான்னு கூப்பிடுவாங்க. 'பாட்டிம்மா' மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். அவங்க என்னை மிஹித்தான்னு கூப்பிடுவாங்க. 'என் பொண்ணு'ங்கிறதைக் கொஞ்சலா சொன்னா எப்படி இருக்கும், அது.

உண்மையைச் சொல்லிடுறேன். பெரிய வாரம் வந்தப்போ என் பிளான் எல்லாம் வீடியோதான். புனித வெள்ளி ஊர்வலத்தை எடுக்கணும், நல்லா எடிட் பண்ணிப் போடணும். சமையல் என் லிஸ்ட்லயே இல்ல. அந்த மூணு மாசமும் நான் சாப்பிட்டது பெரும்பாலும் ஆப்ல ஆர்டர் பண்ணினது, லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து, தனியா.

புதன்கிழமை பகல்ல பழைய நகரத்துக் கதீட்ரலுக்குப் போனேன். அங்க அன்னிக்கு ஒரு சடங்கு நடக்கும், அர்ராஸ்த்ரே தே காவுதாஸ்னு பேரு. குருமார்கள் தரையில புரள்ற அளவுக்கு நீளமான கறுப்பு அங்கியை இழுத்துக்கிட்டு மெதுவா நடந்து வருவாங்க. அப்புறம் தரையில குப்புறப் படுத்துடுவாங்க. பேராயர் சிவப்புச் சிலுவை போட்ட பெரிய கறுப்புக் கொடியை அவங்க மேல வீசி ஆட்டுவார். போர்ல செத்த ரோமானியத் தளபதிக்குச் செய்யுற மரியாதையில இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. கோயில் முழுக்கக் கூட்டம், ஆனா துணி காத்துல அடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டுது. எனக்குப் புல்லரிச்சுடுச்சு. வீடியோவும் எடுத்தாச்சு.

சந்தோஷமா வீட்டுக்கு வந்தா, கீழ ஒரே சத்தம்.

விஷயம் இதுதான். ஃபனேஸ்காவுக்கு நிறைய தானியம், பயறு எல்லாம் உரிக்கணும். ஹபான்னு ஒரு பயறு இருக்கு, நம்ம மொச்சையை விடப் பெரிசு, தட்டையா இருக்கும். முதல்ல மேல் தோட்டை உரிக்கணும். அப்புறம் ஒவ்வொரு பருப்புக்கும் மேல இருக்கிற தடிச்ச தோலை நகத்தால கீறிப் பிதுக்கணும். எங்க பாட்டி வீட்டுல பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு மொச்சையை ஊறப் போட்டுப் பிதுக்குவாங்க, பாத்திருப்பீங்க. அதே வேலைதான், ஆனா இது இருபது பேருக்கு. அப்புறம் மக்காச்சோளம். நம்ம ஊர் ஸ்வீட் கார்ன் மாதிரி சின்னது இல்ல, ஒவ்வொரு மணியும் கட்டைவிரல் நகம் அளவு. இளசா இருக்கிறப்போவே உதிர்க்கணும். சோச்சோன்னு ஒரு வெள்ளைப் பயறு. பச்சையா இருந்தா விஷக் கசப்பு. வேக வெச்சு, நாள் கணக்குல தண்ணி மாத்தி மாத்தி ஊற வெச்சாத்தான் வாயில வைக்க முடியும். அதுக்கும் தோல் இருக்கு, அதையும் ஒவ்வொண்ணா நீக்கணும்.

மகள் சொல்றாங்க: "அம்மா, மார்க்கெட்ல எல்லாம் உரிச்சுப் பையில போட்டு விக்கிறாங்க. வாங்கிடலாம். வருஷா வருஷம் நாமதான் விரல் வீங்க உரிக்கிறோம். அண்ணனுங்களும் பசங்களும் வெள்ளிக்கிழமை பசியோட வர்றாங்க, சாப்பிடுறாங்க, டப்பால போட்டு எடுத்துட்டுப் போறாங்க."

இதுல தப்பே இல்ல, இல்லையா? நான் மனசுக்குள்ள அவங்க பக்கம்தான் இருந்தேன். நம்ம வீட்டுப் பண்டிகைகள்லயும் யாரு அடுப்பு முன்னாடி நிக்கிறாங்க, யாரு டிவி முன்னாடி உட்காருறாங்கன்னு நமக்குத் தெரியாதா?

பாட்டி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னது எனக்கு அரைகுறை ஸ்பானிஷ்ல புரிஞ்ச அளவுக்கு இதுதான்: "பையில வாங்கலாம். ஆனா உரிக்கிற வேலை இல்லைன்னா புதன்கிழமை இந்த வீட்டுக்கு யாரு வருவா? வெள்ளிக்கிழமை வர்றவங்க சாப்பிட வர்றாங்க. பேசணும்னா புதன்கிழமைதான்."

மகளும் விடல. "அப்போ அவங்களையும் உரிக்கச் சொல்லு."

பாட்டி போனை எடுத்தாங்க.

கடைசில ஒரு சமரசம் ஆச்சு. சோச்சோவும் பட்டாணியும் உரிச்சதா வாங்குறது. ஹபாவும் மக்காச்சோளமும் வீட்டுல. ஆனா ஆம்பிளைங்களும் உட்காரணும். ராத்திரி ஏழு மணிக்குப் பெரிய மகனும் ரெண்டு பேரன்களும் வந்தாங்க, முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு. நான் நைசா மாடி ஏறப் பாத்தேன். பாட்டி என்னைப் பாத்து, "நோ சேயாஸ் மலித்தா"ன்னாங்க. கித்தோவுல ஒரு உதவி கேக்குறப்போ இப்படித்தான் சொல்வாங்க. நேரா சொன்னா 'பொல்லாதவளா இருக்காதே'ன்னு வரும். அப்படி ஒருத்தங்க கேட்டா நீங்க மாடி ஏறுவீங்களா? உட்கார்ந்தேன்.

பாத்திரத்துக்குள்ள ஒரு சரித்திரம்

மூணு மணி நேரம் உரிச்சோம். முதல் அரை மணி நேரம் எல்லாரும் போனைப் பாத்துக்கிட்டே உரிச்சாங்க. கை ஈரமாகி, பிசுபிசுன்னு ஆனதும் போன் தானா கீழ போயிடுச்சு. அதுக்கு அப்புறம்தான் பேச்சு.

ஃபனேஸ்கால பன்னிரண்டு தானியம் போடணும்னு ஒரு கணக்கு. இயேசுவோட பன்னிரண்டு சீடர்களுக்காக. மேல வர்ற உப்புக் கருவாடு இயேசுவாம். ஆனா எந்தப் பன்னிரண்டுன்னு வீட்டுக்கு வீடு சண்டை. அரிசி கணக்குல வருமா? வேர்க்கடலை தானியமா, இல்லையா? ரெண்டு வகை பீன்ஸ் போட்டா ஒண்ணா ரெண்டா? நான் ஒரு கேள்வி கேட்டேன்: "சரி, இதுல யூதாஸ் யாரு?" ஒரு பேரன் யோசிக்காம சொன்னான்: "சோச்சோதான். கசப்பை எடுக்க அத்தனை நாள் ஆகுதே." பாட்டி சிரிச்சுட்டு, அப்புறம் சிரிச்சதுக்காகச் சிலுவை போட்டுக்கிட்டாங்க.

உரிச்சுக்கிட்டே நான் கவனிச்சது ஒண்ணு. மேஜை மேல இருந்த பாத்திரங்களை ரெண்டு வரிசையாப் பிரிச்சுடலாம்.

ஒரு வரிசையில மக்காச்சோளம், பீன்ஸ், சோச்சோ, வேர்க்கடலை, மெயோக்கோங்கிற ஒரு வழவழப்பான சின்னக் கிழங்கு, பூசணி வகையில சப்பாயோ, சம்போன்னு ரெண்டு. இது எல்லாம் ஸ்பெயின்காரங்க வர்றதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடியே அமெரிக்கக் கண்டத்துல விளைஞ்சது. மலையில மழை பெய்ஞ்சு, இளம் தானியம் முதல்முதலா கைக்கு வர்ற நேரம் இது. அந்த இளம் தானியங்களை மிளகாயும் கீரையும் போட்டு ஒண்ணா வேக வெச்சுச் சாப்பிடுற வழக்கம் கிறிஸ்தவம் வர்றதுக்கு முன்னாடியே இங்க இருந்துது, அதுதான் ஃபனேஸ்காவுக்குத் தாய்ன்னு ஈக்வடார்ல பலரும் சொல்வாங்க.

இன்னொரு வரிசையில ஹபா, பட்டாணி, பருப்பு, அரிசி, முட்டைக்கோஸ், வெங்காயம், பூண்டு, பால், சீஸ். இது எல்லாம் கப்பல்ல வந்தது. ஸ்பெயின்காரங்க கித்தோவை அவங்க நகரமா அறிவிச்சது 1534-ல. அதுக்குக் கொஞ்ச காலத்துலயே சான் ஃபிரான்சிஸ்கோ மடத்தைக் கட்ட ஆரம்பிச்சாங்க. அந்த ஊர்ல முதல் கோதுமையை விதைச்சது அந்த மடத்துல இருந்த ஹோதோகோ ரிக்கேங்கிற ஃபிளெமிஷ் துறவின்னு சொல்வாங்க. வேதமும் விதையும் ஒரே கப்பல்ல வந்திருக்கு. அதே கப்பல்லதான் வாளும் வந்துது, மக்களைக் கூட்டம் கூட்டமாச் சாகடிச்ச அம்மையும் வந்துது.

அதனால இதை "ரெண்டு கலாச்சாரம் அழகாக் கலந்த சூப்"னு மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. ஒரு பக்கத்துக்குக் கலக்குறதா வேண்டாமான்னு யாரும் கேட்கல. ஆனா இன்னொண்ணும் உண்மை. சாமியை மாத்தினவங்களால வயலை மாத்த முடியல. இளம் சோளம் எப்ப வருமோ அப்பதான் வரும். அதனால பண்டிகைதான் வயலுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சுது. பார்லிக் கதிரோட ஆரம்பிச்ச ஒரு பண்டிகை, கடல் தாண்டி வந்து, மறுபடியும் இளம் தானியத்துக்கிட்டயே வந்து சேர்ந்திருக்கு.

கருவாட்டையும் சொல்லணும். பக்கலாவ்னு பேரு. பெயர் ஐரோப்பாவோட காட் மீனோடது. ஆனா ஈக்வடார்ல அதே பேர்ல கலாபகோஸ் தீவுக் கடல்ல பிடிக்கிற ஒரு மீன் இருக்கு, களவா மீன் வகை. அதைப் பிளந்து உப்புப் போட்டுக் காய வெச்சு ஃபனேஸ்காவுக்காகவே மலை மேல அனுப்புறது பழைய வழக்கம். இந்த மீன் உலகத்துல ரொம்பச் சில இடங்கள்ல மட்டும்தான் இருக்கு. இப்போ அது அழியக்கூடிய நிலையில உள்ள இனமாப் பட்டியல்ல இருக்கு. டார்வின் போன தீவு, பேரு கேட்டா நமக்கு ஆமைதான் ஞாபகம் வரும். ஒரு சூப்போட கணக்கு அங்க வரைக்கும் போகுது. பாட்டி வீட்டுல அந்த வருஷம் போட்டது வேற மீன். விலைதான் காரணம்னு சொன்னாங்க.

ஊதா நிற முகமூடி

வியாழக்கிழமை அங்க லீவு கிடையாது, வெள்ளிக்கிழமை மட்டும்தான். ஆனா வியாழன் சாயங்காலம் பழைய நகரத்துல நடக்க இடம் இருக்காது. குடும்பம் குடும்பமா ஏழு கோயிலுக்கு நடந்து போவாங்க. பாட்டியால அவ்வளவு நடக்க முடியல, ரெண்டு கோயிலோட நிறுத்திக்கிட்டாங்க. வீட்டுல அடுப்புல பெரிய பானை. ஒவ்வொரு தானியத்தையும் தனித்தனியா வேக வைக்கணும், ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம். பூசணியை மசிச்சு, வேர்க்கடலையைப் பாலோட அரைச்சு, எல்லாத்தையும் ஒண்ணா விட்டு, அடி பிடிக்காம கிண்டிக்கிட்டே இருக்கணும். எங்க எல்லாருக்கும் முறை போட்டுக் கொடுத்தாங்க. எனக்கு ராத்திரி பத்துல இருந்து பதினொண்ணு.

வெள்ளிக்கிழமை காலையில கேமராவைத் தூக்கிட்டுக் கிளம்பினேன். சான் ஃபிரான்சிஸ்கோ கோயில்ல இருந்து நண்பகல்ல ஊர்வலம் கிளம்பும். ஹேசூஸ் தெல் கிரான் போதேர், அதாவது மகா வல்லமை உள்ள இயேசுவோட ஊர்வலம். இப்ப நடக்கிற மாதிரி இது ஆரம்பிச்சது 1961-லதான். ஆயிரக்கணக்குல ஜனங்க.

இதோட படத்தைப் பாத்தா நீங்க ஒரு நிமிஷம் அதிர்ந்து போவீங்க. தலையில இருந்து கால் வரைக்கும் ஊதா அங்கி, முகத்தை மூடின கூம்புத் தொப்பி, ரெண்டு கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அமெரிக்காவோட அந்த வெள்ளை இனவெறிக் கும்பல் ஞாபகம் வரும். ஆனா இது வேற. பாவத்துக்காக வருந்துறவங்க முகத்தை மறைச்சுக்கிற ஸ்பெயின் நாட்டுப் பழைய வழக்கம் இது. அந்தக் கும்பலை விட ரொம்பப் பழசு. அவங்களைக் குக்குருச்சோன்னு கூப்பிடுறாங்க. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? கூம்பா மடிச்ச காகிதம். மெரினால சுண்டல் வாங்கினா கொடுப்பாங்களே, அந்தப் பொட்டலம்தான். பெண்கள் ஊதா உடையும் முகத்திரையும் போட்டு வருவாங்க, அவங்களுக்கு வெரோனிக்கான்னு பேரு.

மழை தூற ஆரம்பிச்சுது. கருங்கல் தெரு. நிறையப் பேர் வெறுங்கால். சிலர் காலில் சங்கிலி. சிலர் ரெண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத மரச் சிலுவையைத் தோள்ல போட்டு இழுத்துக்கிட்டு. ஒருத்தர் முதுகுல முள்ளுக் கள்ளியைக் கட்டியிருந்தார். நான் ஊர்ல அலகு குத்துறதைப் பாத்திருக்கேன், தீ மிதிக்கிறதைப் பாத்திருக்கேன். நேர்த்திக்கடன்ங்கிற சொல் எனக்குத் தெரியும். அதனால இதை விசித்திரம்னு சொல்ல முடியல. இங்கயும் அதுதான். பிள்ளை பிழைச்சா நடக்குறேன், அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா சிலுவை தூக்குறேன்னு வேண்டிக்கிட்டவங்கதான்.

இருந்தாலும் எடுத்தேன். பாதங்கள், ஈரக் கல், சங்கிலி, க்ளோசப். அழகா வந்துது. நாற்பது செகண்ட். அதுக்கு என்ன மியூசிக் போடலாம்னு அங்கயே யோசிச்சேன்.

சாப்பாட்டு மேஜை

மூணு மணிக்கு மேல வீட்டுக்கு வந்தேன். இருபது பேருக்கு மேல. மேஜை பத்தல, அயர்ன் பண்ற பலகையைக் கூட இழுத்துப் போட்டிருந்தாங்க.

புனித வெள்ளில கறி சாப்பிடக் கூடாது, அது விரத நாள். ஆனா இந்த விரதச் சாப்பாட்டைச் சாப்பிட்டா சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்க முடியாது. தட்டுல கெட்டியா, மஞ்சளா, சூடா சூப். அதுக்கு மேல மீன் துண்டு, பொரிச்ச நேந்திரன் மாதிரி வாழைப்பழம், குட்டி குட்டி மாவு உருண்டை, சீஸ், மல்லி இல்ல அது, பார்ஸ்லி. எல்லாத்துக்கும் மேல வட்டமா நறுக்கின வேகவெச்ச முட்டை. பாருங்க, ஈஸ்டர் முட்டை இங்கயும் இருக்கு! கலர் அடிக்கல, ஒளிச்சு வைக்கல. பக்கத்துல மோலோன்னு உருளைக்கிழங்கு மசியல். கடைசில பாகுல வெந்த அத்திப்பழமும் சீஸும்.

ருசி எப்படின்னா, முதல் கரண்டியில குழம்பிடுவீங்க. பால் இனிப்பு, மீன் உப்பு, கடலை வாசம், நடுவுல சோச்சோ கடக்குன்னு. மூணாவது கரண்டியில புரியும்.

மாட்ரிட்ல இருந்து வீடியோ கால் வந்துது. பாட்டியோட இளைய மகள். 1999-ல ஈக்வடார்ல பேங்க் எல்லாம் முடங்கி, ஜனங்க போட்ட பணம் உள்ளயே மாட்டிக்கிச்சு. அடுத்த வருஷம் சொந்த நாணயமே போய் டாலர் வந்துது. லட்சக்கணக்குல ஜனங்க ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் போனாங்க. இந்த மகளும் அப்படிப் போனவங்கதான். போனைச் சுவத்துல சாய்ச்சு வெச்சாங்க. அங்க ராத்திரி. அவங்களும் ஒரு தட்டைக் காட்டினாங்க. மாட்ரிட்ல தெரிஞ்ச அஞ்சாறு குடும்பம் சேர்ந்து செஞ்சதாம். "தனியா செய்யலாம்னு ஒரு வருஷம் பாத்தேன்மா. பன்னிரண்டு பாக்கெட் பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு கைப்பிடி எடுத்தாலே பத்துப் பேருக்கு வருது. ஒரு ஆளுக்கு ஃபனேஸ்கா வைக்கவே முடியாது." எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. எனக்கு மாடில இருக்கிற என் லேப்டாப்பும் ஒரு ஆள் பார்சலும் ஞாபகம் வந்துது.

பெரிய மகன் கடைசியாத்தான் வந்தார். குளிச்சிருந்தார், முடி ஈரம். ரப்பர் செருப்பு. பாதம் ரெண்டும் சிவந்து வீங்கியிருந்துது, நடக்குறப்போ ஒரு பக்கமா சாஞ்சார். பாட்டி எழுந்து போய் முதல் தட்டை அவருக்கு வெச்சாங்க. யாரும் எதுவும் கேட்கல. பேரன்கள் கூடக் கேட்கல. அவரும் சொல்லல. புதன்கிழமை எனக்குப் பக்கத்துல உட்கார்ந்து மூணு மணி நேரம் ஹபா பிதுக்கினவர். அப்பவும் சொல்லல.

முகத்தை மூடுறது எதுக்குன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது. யாரு நடந்தாங்க, எதுக்காக நடந்தாங்கங்கிறது வெளிய தெரியக் கூடாது. அதுக்குத்தான் அந்தத் துணி.

ராத்திரி மாடிக்குப் போய் அந்த நாற்பது செகண்டைத் திரும்பத் திரும்பப் பாத்தேன். அது அவரோட கால்தானான்னு எனக்குத் தெரியாது. யாரோடதா இருந்தாலும் அது என்கிட்ட கொடுத்தது இல்ல. நான் அதைப் போடல. இன்னிக்கு வரைக்கும் போடல. கதீட்ரல் வீடியோவைப் போட்டேன், அது எல்லாருக்கும் முன்னாடி நடந்த சடங்கு. அதுல எனக்கு உறுத்தல் இல்ல.

ஞாயிற்றுக்கிழமை

ஈஸ்டர் ஞாயிறு எப்படி இருந்துதுன்னு கேப்பீங்க. ரொம்ப அமைதி. காலையில பூசை, மணிச் சத்தம். ஊர்ல பாதிப் பேர் கடற்கரைக்குப் போயிட்டாங்க. சூப்பர்மார்க்கெட்ல சாக்லேட் முட்டை இருந்துது, பேத்தி ஒண்ணு வாங்கிட்டு வந்தா. கித்தோவுல இந்த வாரத்தோட உச்சம் வெள்ளிக்கிழமைதான், அதுதான் மனசுல நிக்குது. பாட்டி பானையில மிச்சம் இருந்ததைச் சூடு பண்ணி, டப்பால போட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினாங்க. பக்கத்து வீட்டுல இருந்து அவங்க ஃபனேஸ்கா வந்துது. ரெண்டு வீட்டு ஆளுங்களும் அடுத்த வீட்டோடது கொஞ்சம் தண்ணியா இருக்குன்னு சொன்னாங்க.

எனக்கு நம்பிக்கை விஷயத்துல தெளிவான பதில் எதுவும் கிடையாது. அந்த வாரத்துக்கு அப்புறமும் கிடையாது. அந்த மகள் கேட்ட கேள்வியும் அப்படியே நிக்குது: உரிக்கிற வேலை யாரு தலையில விழுது? அதுக்குப் பதில் சொல்லாம "அந்தக் காலத்துப் பண்டிகையே தனி"ன்னு உருகுறது பொய். ஆனா அந்த வீடு கண்டுபிடிச்ச வழி எனக்குப் பிடிச்சிருந்துது. வேலையை மொத்தமாத் தூக்கிப் போடல. கொஞ்சம் குறைச்சாங்க, மிச்சத்தை உரிக்க எல்லாரையும் உட்கார வெச்சாங்க.

ஊருக்குத் திரும்பி வந்த அப்புறம் ஜனவரில மொச்சை சீசன் வந்துது. ரெண்டு கிலோ வாங்கி ஊறப் போட்டேன். எங்க அபார்ட்மென்ட்ல ரெண்டு வருஷமா லிஃப்ட்ல சிரிச்சதோட சரின்னு இருந்த எதிர் ஃப்ளாட் அக்கா கதவைத் தட்டினேன். "அக்கா, இதைக் கொஞ்சம் பிதுக்கணும், வர்றீங்களா?" ஒரு மாதிரியாத்தான் பாத்தாங்க. அவங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்தாங்க.

உங்க வீட்டுல, உங்க ஊர்ல இப்படித் தனியாச் செய்யவே முடியாத சாப்பாடு ஒண்ணு இருக்கும். அது என்னன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. யாரு உரிச்சாங்க, யாரு டிவி பாத்தாங்கங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சிலதைப் போடுறோம். அதுவரைக்கும், பாத்து இருங்க.